அவன் பாடு

திருப்பாலைவனத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பாடு என்றால் கஷ்டம். பாடுபட்டு விளைத்த நெல், அவள் பாடு திண்டாட்டம், என் பாட்டைக் கேட்க ஆளில்லை என்றுதான் எங்கள் பக்கம் பேசுவார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துக்கு அங்கன்வாடி டீச்சராக வேலை கிடைத்துப் போன முதல் வாரம், பிள்ளையை விட வந்த ஒரு பெண் வாசலில் நின்று, "இன்னிக்கி எங்க பாடு டீச்சர்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே துக்கத்தைச் சொல்கிறாளே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. அவள் கையைப் பிடித்து, "எல்லாம் சரியாயிடும்மா, கவலப்படாத" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். புது டீச்சருக்கு ஒரு மாதிரி என்று அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஏரியில் பாடு என்றால் முறை. இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு, இன்று இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று வைத்திருக்கிறார்கள். பாடு உள்ளவனுக்குக் காய்ச்சல் வந்தால் தம்பிக்கோ மச்சானுக்கோ விட்டுக்கொடுக்கலாம். கொடுத்தால் கொடுத்ததுதான். மறுநாள் போய், நேற்று விட்டதை இன்று தா என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்கிறவனை ஊர் மதிக்காது.

ஏரியில் மட்டுமல்ல, குடிதண்ணீர் லாரி வந்தாலும் குடத்துக்குப் பாடு. கல்யாணத்தில் பந்திக்குப் பாடு. என் மையத்தில் ஒரே ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது, ஒரு கைப்பிடி உடைந்தது. அதற்காகப் பிள்ளைகள் ஒருநாளும் அடித்துக்கொண்டதில்லை. சுவரோரம் வரிசையாகக் குந்திக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் அந்த வண்டியை மூன்று துண்டாகப் பிய்த்திருப்பார்கள். நான் அசந்து போனேன், உள்ளபடியே சொல்கிறேன். பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கொடுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் பாடம் நடத்தினார்களே, அந்தப் பாடத்தை இந்தக் குப்பத்தில் வந்து நடத்தியிருக்க வேண்டும் என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

வண்டி விஷயத்தில் ஒரு பையன்தான் நாட்டாமை. மூன்று வயது முடிந்திருக்கும். கட்டை குட்டையாக, தலை நிறைய எண்ணெயும் மண்ணுமாக இருப்பான். யாராவது கூட ஒரு சுற்று ஓட்டிவிட்டால் முன்னால் போய்க் கையை விரித்து நிற்பான். "உன் பாடு முட்ஞ்சிச்சி, எறங்கு" என்பான். இறங்காவிட்டால் என்னிடம் வருவான். நானும் விடமாட்டேன். "ஒரே ஆளு ரெண்டு வாட்டி ஏறக் கூடாது" என்று அதட்டி இறக்கிவிடுவேன். அவனுக்கு அதில் பரம திருப்தி. இந்தப் பையனைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை கிராம நர்ஸ் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார். ஆரஞ்சு வாசனையோடு எண்ணெய் போல இருக்கும். குறி போட்ட ஸ்பூனில் ஊற்றி வாயில் விடுவது. கண்ணுக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லி, குப்பத்தில் அதற்குக் கண்ணு மருந்து என்றே பெயர் ஆகிவிட்டது. ஒரு தாய் பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, இமையை இரண்டு விரலால் பிளந்து வைத்துக்கொண்டு, "ஊத்துங்க நர்சம்மா, புட்ச்சிக்கினு கீறேன்" என்றதும் நடந்திருக்கிறது. அன்று நானும் நர்சும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த மாசி மாதம் நர்ஸ் வந்தபோது பையில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது, அதிலும் பாதிக்கு மேல் காலி. ஸ்டாக் இல்லை, மேலேயிருந்து வரவில்லை என்றார். மேலே என்றால் எங்கே என்று நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் சொன்னதில்லை. வாசலில் பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றார்கள். பாட்டிலைப் பார்த்ததும் சலசலப்பு. என் பிள்ளைக்கு முதலில், என் பிள்ளைக்கு முதலில் என்று நெருக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து வந்தார்கள். ஊர்த் தலைவர் பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு சண்ட? பாடு வெச்சிக்குவோம். வூட்டுக்கு ஒரு புள்ள. இந்த வாட்டி ஒண்ணு குட்ச்சா, அடுத்த வாட்டி இன்னொண்ணு குடிக்கட்டும்."

எனக்கு முன்கோபம் அதிகம். "இது எறால் இல்லண்ணா, பாடு போட! ஒவ்வொரு புள்ள வயித்துக்குள்ளயும் போவணும். பாதிப் பேருக்குக் குடுத்துட்டு மீதிப் பேரு வேடிக்க பாக்கறதா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "இல்லாதத எங்கேந்து குடுக்கறது டீச்சர்? கீறதத்தான பங்கு போட முடியும்? இப்போ நீ இன்னா சொல்ற, பொம்பளைங்க இங்கியே அட்ச்சிக்கினு சாவட்டும்னா?"

பாட்டில் அவர் கையில் இருந்தது, நியாயமும் அவர் பக்கம் இருப்பது போலத்தான் இருந்தது. நர்ஸ் என் காதோரம், "விடு டீச்சர், பத்து பதினஞ்சு நாள்ல பாட்டில் வந்துரும். மீதிப் புள்ளைங்களுக்கு அப்ப குடுத்துக்கலாம்" என்றார். வீட்டுக்கு ஒன்று என்று ஊற்றினோம். அத்தனை பெண்களும் அமைதியாகக் கலைந்தார்கள். இல்லாததைப் பங்கு போடுவதில் அவர்களைப் போல் ஒழுங்கானவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது பெருமைதானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையனின் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவனுக்குக் கீழே ஒரு பாப்பா. பிறந்ததிலிருந்து சீக்கு. பேதி நின்றால் சளி, சளி நின்றால் பேதி. எடை போடும்போது தராசு முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும். அம்மாக்காரி விடியற்காலையில் இறால் பிரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போகிறவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவாள், ஆனால் பாப்பாவை மட்டும் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்குவாள். அவர்கள் வீட்டுப் பாட்டைப் பாப்பாவுக்குக் கொடுத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பையன் கருங்கல் மாதிரி இருந்தான்.

பத்து பதினைந்து நாள் என்றது பங்குனிக்குப் போய்விட்டது. பாட்டில் வந்ததும் விட்டுப்போன பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லி ஆள் விட்டேன். பாதி வீடுகள், எங்கள் பாடுதான் முடிந்துவிட்டதே என்றன. வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். இந்த அம்மாக்காரியும் வந்தாள், பையனோடு பாப்பாவையும் தூக்கிக்கொண்டு. வந்தவள் பாப்பாவை முன்னால் நீட்டினாள்.

"இவளுக்கே ஊத்துங்க நர்சம்மா. அவன் பாட்ட வுட்டுக்குடுத்துட்டான்."

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் பையனைக் குனிந்து பார்த்து, "இன்னாடா, உன் பாட்ட பாப்பாவுக்கு குடுக்கட்டா?" என்று கேட்டாள். அவன் பெரிய மனுஷன் போல, "குடு" என்றான். அவன் அப்பன் தன் தம்பிக்கு அப்படிக் கொடுத்ததை அவன் பார்த்திருக்க வேண்டும்.

நர்ஸ் ஊற்ற மறுத்தார். ஒரே பிள்ளைக்கு அடுத்தடுத்துக் கொடுத்தால் விஷம் மாதிரி ஆகிவிடும், வாந்தி வரும், தலை கனக்கும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். "எங்க வூட்டுப் பாடு, நான் யாருக்கு ஓணா குடுப்பேன், நீ இன்னா கேக்கறது?" என்று இவள் எகிறினாள். பாப்பா அழ, பையன் மிரள, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கொட்டகையில் இறால் ஏற்ற வந்த ஐஸ் பெட்டி வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான், அவள் வேலைக்கு ஓடினாள். இப்படித்தான் எல்லாம் நழுவியது, பெரிய சதி எதுவும் இல்லை.

ஆவணியில் மறுபடி மருந்து வந்தது. இந்த முறை வேண்டிய அளவு இருந்தது. பாப்பா குடித்தாள். பையன் சுண்ணாம்புக்குளத்தில் மாமன் வீட்டில் இருந்தான். அவனை ஏன் கூட்டி வரவில்லை என்று நான் சத்தம் போட்டேன். "அவன்தான் பாட்ட வுட்டுட்டானே டீச்சர்" என்றாள், எனக்கு மறந்துவிட்டதோ என்பது போல. மருந்துக்குப் பாடு கிடையாது, ஒருத்தன் குடித்தது இன்னொருத்தன் உடம்பில் சேராது என்று நின்ற இடத்திலேயே விளக்கினேன். தலையாட்டினாள். வந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவன் வந்தபோது நர்ஸ் அடுத்த குப்பத்துக்குப் போயாகிவிட்டது. சுகாதார நிலையத்துக்குப் போ என்றேன். அது இறால் சீசன். போனால் அன்றைய கூலி போகும். நாளை, நாளை என்றாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஏரிக்கரையில் மழைக்காலம் என்றால் அடுப்புக்குக் கஷ்டகாலம். ஏரி பொங்கி வலை நிற்காது, முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்கும் போக முடியாது. கஞ்சியும் ஊறுகாயும், கிடைத்தால் ரசம். மற்ற நாளிலும் என்ன வாழ்ந்தது? நல்ல இறாலும் நண்டும் கொடுவாயும் கரைக்கு வந்த சூட்டிலேயே ஐஸில் புதைந்து வண்டி ஏறிவிடும். மீன் பிடிக்கிற ஊரில் பிள்ளைகள் மீன் தின்று கொழுப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த ஐப்பசியில் பையனுக்குப் பேதி கண்டது. பல நாள் விடவில்லை. கருங்கல் கரைந்து விலா எலும்பு தெரிந்தது. மையத்துக்கும் சரியாக வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே போய், நான் ஷேர் ஆட்டோவைத் தவறவிட்டேன். அடுத்தது வர நேரம் இருந்தது. பாப்பாவின் சத்துமாவைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். பொழுது சாய்ந்து, விளக்கு ஏற்றுகிற நேரம். மணலில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். இவன் மட்டும் வீட்டுக்குள் மூலையில் சுவரில் முதுகை ஒட்டிக் குந்தியிருந்தான். வெளியே ஒரு பொடியன், "கோயி அடஞ்சிச்சா? கோயி அடஞ்சிச்சா?" என்று கோழியைச் சொல்லிக் கேலியாகக் கூவிவிட்டு ஓடினான். இவன் பதிலுக்குக் கத்தவில்லை.

"இப்போல்லாம் எம்புள்ள தங்கம் டீச்சர்" என்றாள் அம்மாக்காரி. குரலில் பெருமை. "முன்ன மாரி ஊர் சுத்தறதில்ல. வெளக்கு வெச்சா வெளிய காலு வெக்க மாட்டான். குந்துன எடத்துல குந்திகினு கீறான். அவங்க நைனாதான் திட்னுகீது. விடிகாலைல தோணிக்கு இட்டுகினு போனா பயந்து அழுவறானாம். இன்னாடா ஆம்பளன்னு ரெண்டு வெச்சிச்சி."

எனக்குச் சந்தேகம் தட்டியது. என் பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னைத்தான் பார்க்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் காகிதத்தைக் கொஞ்சம் கசக்கினேன். சத்தம் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது, கையை நீட்டினான். கை என் கைக்கு ஒரு முழம் தள்ளிப் போய்க் காற்றில் துழாவியது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் என் மேல் பாய்ந்தாள். "இன்னா டீச்சர், நல்லா கீற புள்ளைக்கி வெளாட்டு காட்ற? இருட்டுல யாருக்குத்தான் தெரியும்?" என்றாள். இருட்டு இல்லை. அவளுக்குப் பின்னால் பாப்பா தத்தித் தத்தி வந்து, கீழே விழுந்திருந்த பிஸ்கட் துண்டை நேராகப் போய் எடுத்துத் தின்றாள். தாய் அதையும் பார்த்தாள். பையனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விளக்கை அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி பக்கத்தில் கொண்டு போனாள். "அம்மா தெரியுதாடா? அம்மா தெரியுதா?" அவன் அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெரியுது" என்றான்.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. கோழி அடைகிற மாதிரி ஒரு பிள்ளை பொழுது சாய்ந்ததும் மூலையில் அடைகிறது, அதை அடக்கம் என்று நினைத்துத் தாய் பூரிக்கிறாள், கோழை என்று நினைத்துத் தகப்பன் அடிக்கிறான். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் அழுகை வந்தது. பொழுது விடிந்ததும் வெளிச்சத்தில் அவன் கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழி வறண்டு, ஓரத்தில் மீன் செதிள் ஒட்டினது போல ஒரு வெள்ளை. வலது கண்ணில் அது பெரிது. கருவிழியும் அங்கே பளபளப்பில்லாமல் மங்கிக் கிடந்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தகப்பனும் வந்தான். வழி முழுக்க அவன் பையனைக் கீழே இறக்கவே இல்லை, பகல் வெளிச்சத்தில் அவனுக்கு நடக்கத் தெரியும் என்றாலும். அடித்த கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தான். டாக்டர் சின்ன வயசுப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். மாலைக்கண், வைட்டமின் ஏ இல்லாமல் போனதால் வந்தது என்றார். நோய் கண்டுவிட்ட பிள்ளைக்கு மட்டும் அடுத்தடுத்துக் கொடுக்கலாமாம்: மருந்து இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. சாயங்காலப் பார்வை சீக்கிரம் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். வலது கண்ணைப் பற்றி இப்போது சொல்ல முடியாது, பார்க்கலாம். பிறகு என்னைப் பார்த்து, "மீன் பிடிக்கிற ஊர்ல இது எப்படி மேடம்?" என்றார். நல்ல பெண்தான். பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் அங்கே சண்டையாகியிருக்கும்.

அம்மாக்காரி ஒன்றுதான் கேட்டாள். "பொறக்கசொல்ல நல்லாதான இருந்தான், இவனுக்கு எப்டிம்மா வரும்? சீக்காளி அவ தான?" டாக்டர், பாப்பாவுக்கு மருந்து தவறாமல் போயிருக்கிறதா என்று கேட்டார். போயிருக்கிறது என்றேன். இவனுக்கு? நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கு அங்கேதான் எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். முதல் வேளை மருந்து அங்கேயே அவன் வாய்க்குள் போயிற்று. டாக்டர் ஊற்றினார், அவனும் பயந்துபோய்க் குடித்துவிட்டான்.

டாக்டர் சொன்னபடியே சாயங்காலப் பார்வை திரும்பியது. ஒரு வாரத்துக்குள் அவன் விளக்கு வைத்த பிறகு மணலில் ஓடினான். கோழி என்று கூவியவனைத் துரத்திப் பிடித்து நாலு சாத்தினான், நான் கண்டுகொள்ளவில்லை. இடது கண் தெளிந்துவிட்டது. வலது கண்ணில் கருவிழி மேல் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, உருவம் மங்கல்தான். தோணியில் போகிற பிள்ளைக்கு இரண்டு கண்ணும் வேண்டும். இப்போது மருந்து நாளில் ஊர்த் தலைவர் தானே மைக்கில், "இதுக்குப் பாடு இல்ல, எல்லாப் புள்ளைங்களையும் இட்டுகினு வாங்க" என்று சொல்கிறார். சொல்லட்டும். அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் ஆத்திரம் வரும், பிறகு அந்தப் பாதிப் பாட்டிலை நினைத்துக்கொண்டு ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பேன்.

இது பின்னால் நடந்தது. எனக்கு மறக்காதது அந்த இரண்டாம் நாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் காலை, இரண்டாவது வேளை மருந்தைக் கொடுக்க நர்ஸ் என் மையத்துக்கே வந்தார். தாய் பையனையும் பாப்பாவையும் கூட்டி வந்தாள். கண் வீங்கியிருந்தது, இரவெல்லாம் அழுதிருக்கிறாள். வேலைக்குப் போகவில்லை. நர்ஸ் ஸ்பூனில் மருந்தை ஊற்றி அவன் வாய்க்கு நேரே கொண்டு போனார். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மேலே கையையும் வைத்து மூடினான்.

"கசக்காதுடா, நேத்து குடிச்சியே" என்றார் நர்ஸ். தலையை ஆட்டினான். "ஊசி போட்டுருவேன்" என்றார். அதற்கும் அசையவில்லை. நான் பக்கத்தில் போய்க் குந்தி, ஏன்டா என்றேன். கையைக் கொஞ்சம் விலக்கி, விரல் இடுக்கு வழியாகச் சொன்னான்.

"நேத்து எனுக்கு குட்தாங்க. இன்னிக்கி பாப்பா பாடு."

பாடெல்லாம் இல்லடா, இது மருந்து, உனக்கு மட்டும்தான் என்றேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். நேற்று வரை நான் சொன்னதை இன்று நானே மாற்றுகிறேனே என்ற பார்வை. மூலையில் நின்ற மூன்று சக்கர வண்டியைக் காட்டினான். "நீதான டீச்சர் சொன்ன? ஒரே ஆளு ரெண்டு வாட்டி ஏறக் கூடாதுன்னு." சொல்லிவிட்டுப் பாப்பாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டான். அவள் எதற்கென்று தெரியாமல் வாயை ஆவென்று திறந்தாள்.

நர்ஸ் ஸ்பூனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். வாயைப் பிளந்து ஊற்றிவிடலாம், பெரிய வேலை இல்லை, எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி ஊற்றியிருக்கிறோம். இவனுக்கு அப்படி ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் தாய் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பையனுக்கு முன்னால் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, வாயை மூடியிருந்த அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டேய், இத்த கேளு. இது உன் பாடுதான். நேத்து குட்தது, மழைக்கி முன்னாடி உன்கிட்டேந்து நான் வாங்கிக்கினது. இன்னிக்கி குடுக்கறது, அதுக்கும் முன்னாடி வாங்கிக்கினது. ரெண்டு வாட்டியும் நான்தான் எட்துகினேன். நீ ஒண்ணும் பாப்பாவுது எட்துக்கல. உன்துதான் திரும்பி வர்து. வாய தொற."

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். கொடுத்தவன் கேட்காமல் வாங்கினவளே திருப்பித் தருவதை அவன் எங்கும் பார்த்ததில்லை போல. சந்தேகமாக அவளையும் ஸ்பூனையும் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். நர்ஸ் ஊற்றினார். விழுங்கிவிட்டு உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மூன்று சக்கர வண்டியில் ஏறிய பிள்ளைகளிடம் கேட்கிற அதே கறாரான குரலில் தாயைக் கேட்டான்.

"எல்லாம் குடுத்துட்டியா? இன்னும் கீதா?"

அவள் அவனுடைய வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கீதுடா" என்றாள்.